நின்று வந்த சேர்மன், படுத்து வந்த பெட்டி

அத்தியாயம் 14

கண்காட்சிக் கூடத்து வாசலில் வேனின் பின்கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தவர் சேர்மன்.

ஆறடி உயரம். நீலக் கோட்டு. மார்பின் குறுக்கே கட்டிய கைகள். உலகத்துக்கே குளிர் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டவரின் சிரிப்பு. எல்லாம் அட்டை. முகத்தில் மடிப்பு விழுந்துவிடக் கூடாது என்று நாலு பக்கமும் கயிறு கட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வழியெல்லாம் நின்றபடியே வந்திருந்தார்.

அவர் காலடியில், பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பெட்டி படுத்துக் கிடந்தது.

மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார். அட்டைச் சேர்மனைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். கம்பளியை விலக்கினார்.

"இதை யாருப்பா படுக்க வெச்சது?"

"சேர்மன் சார்தாங்க," என்றார் வேன் டிரைவர். "ரெண்டும் நிக்க எடமில்லன்னு சொன்னேன். 'அப்ப ஒண்ணைப் படுக்க வை'ன்னாரு. 'எதைங்க'ன்னு கேட்டேன். ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, அதுக்கப்புறம் நான் எதையும் கேக்கல."

"எப்ப ஏத்தினீங்க?"

"நேத்து சாயந்திரம் ஏழு மணிக்கு."

இப்போது காலை ஏழு. பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்கிறது.

மூன்று வருஷத்து உழைப்பு அந்தப் பெட்டி. சின்ன ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி மருந்து வைப்பதற்கென்று மெக்கானிக் தன் கையால் செய்தது. அதன் முதுகில் ஓர் அறை, அறைக்குள் தண்ணீர். மின்சாரம் இருக்கும்வரை பெட்டி அந்தத் தண்ணீரை ஒரே பாளமாக உறைய வைத்துக்கொள்ளும். மின்சாரம் போனால் அந்தப் பனிப்பாளம் ராத்திரி முழுக்க மருந்தைக் காப்பாற்றும். முதல் பெட்டி நாற்பது நாளில் ஒழுகியது. இரண்டாவது, மருந்தையே உறைய வைத்தது. இது மூன்றாவது. இது ஒன்றுதான் இருக்கிறது.

குளிர்ப்பெட்டியைப் படுக்கப் போட்டால் கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். நிமிர்த்தி வைத்து, அது சொட்டுச் சொட்டாக வீடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஓடவிட்டால் இரும்போடு இரும்பு உரசி, கம்ப்ரஸர் அப்படியே பிடித்துக்கொள்ளும். தொழிலில் கால் வைத்த முதல் நாளே கற்கிற பாடம். கம்பெனியின் ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும்: 'படுக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துவிட்டால் உடனே இயக்காதீர்கள்.'

அந்த வாசகத்தை எழுதியவர் சேர்மன்தான். எழுதி முடித்த அன்று கம்பெனியில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. பாராட்டியவரும் அவரே.

சேர்மன், மெக்கானிக்கின் மனைவிக்கு அண்ணன். 'அகில உலகக் குளிர்க் குழுமம்' என்று பெயர்ப்பலகை. குழுமத்தில் ஏழு பேர். நாலு பேர் சொந்தக்காரர்கள். எட்டு வருஷமாக மெக்கானிக்கும் மனைவியும் அந்த வீட்டு மாடியறையில் இருக்கிறார்கள். கீழே சேர்மனின் வரவேற்பறையில் மூன்று ஏசி. மாடியறையில் ஒரு மின்விசிறி. அதுவும் யாராவது பேசினால்தான் சுற்றுவது போலத் தயங்கித் தயங்கிச் சுற்றும்.

போன வாரம்தான் சேர்மன் வாக்குக் கொடுத்திருந்தார். "இந்தப் பெட்டிக்கு ஆர்டர் வந்துச்சுன்னா, பின்பக்க ஷெட்டு உங்களுக்கு. தனி வாசல், தனி போர்டு. உங்க இஷ்டத்துக்கு எதையாவது உறைய வெச்சுக்கிட்டு இருங்க மாப்ளே."

ஆர்டர் கொடுக்க வேண்டியவர் ஒரு அம்மாள். நாற்பது சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்பும் கிடங்கு அவர் பொறுப்பில் இருக்கிறது. சிரிக்க மாட்டார், விளம்பரத் தாள் வாங்க மாட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கண்காட்சிக் கூடத்துல ராத்திரி ஏழு மணிக்கு மெயினை அணைச்சிடுவாங்க, காலைல ஒன்பதுக்குத்தான் போடுவாங்க. முதல் நாள் சாயந்திரம் என்னோட கருவியை உள்ள வெச்சு மூடிட்டுப் போவேன். மறுநாள் வந்து எடுத்துப் பாப்பேன். ராத்திரி பூரா ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரிக்குள்ள இருந்தா, மேற்கொண்டு பேசலாம்."

பனிப்பாளம் உறைய ஏழு மணி நேரம் வேண்டும். ஆக, பன்னிரண்டு மணிக்காவது ஓடவிட வேண்டும். பன்னிரண்டுவரை தொடக் கூடாது. ஐந்து மணி நேரம் நின்றால் போதுமா? போதாது. ஆனால் பிழைத்தாலும் பிழைக்கும்.

மெக்கானிக் விரலை மடக்கி இரண்டு தடவை கணக்குப் போட்டார். கணக்கு இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தது. அந்தக் கணக்கில் சேர்மன் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

*

குளிர்சாதனத் தொழில் கண்காட்சி என்றால் ஒரே ஜில்லென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் ஸ்டால்களின் முன்பக்கம் மட்டும் பார்த்தவர்கள்.

முன்பக்கம் பனிமலை. ஒவ்வொரு ஸ்டாலும் எதிர் ஸ்டாலை நோக்கிக் குளிரை ஊதிக்கொண்டிருந்தது. விசிட்டிங் கார்டுகள் பறந்தன. கோட்டுப் போட்டவர்கள் கோட்டுக்கு அர்த்தம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பின்பக்கம் செங்கற்சூளை. முன்னால் கொடுத்த குளிருக்கு ஈடாக அத்தனை இயந்திரங்களும் பின்னால் அனலைக் கக்கின. ஸ்டால்களுக்கு முதுகுத் துணிகளாகத் தொங்கிய திரைகளுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் எல்லாக் கம்பெனிகளின் மெக்கானிக்குகளும் பனியனோடு உட்கார்ந்து, 'எதிர்காலத்தின் குளிர்ச்சி' என்று அச்சடித்த தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஸ்டால் மெக்கானிக்குக்குப் பல்லி என்று பெயர். எந்தச் சுவரிலும் ஏறி ஏசி மாட்டுவார்.

"என்னய்யா, பிள்ளையை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பின மாதிரி உக்காந்திருக்கே?"

"படுக்க வெச்சுக் கொண்டாந்துட்டாங்க."

பல்லி விசிறுவதை நிறுத்தினார். அந்த ஒரு சொல் போதும். அந்தச் சந்தில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

"எவ்வளவு நேரம்?"

"பன்னெண்டு."

"அப்ப நாளைக்கு வரைக்கும் தொடாதேன்னு சொல்லிடு."

"பத்தரைக்குச் சிறப்பு விருந்தினர் வந்து பட்டனை அமுக்கறாரு."

பல்லி மறுபடி விசிற ஆரம்பித்தார். இப்போது மெக்கானிக்குக்கும் சேர்த்து.

சேர்மன் பத்து மணிக்கு வந்தார். அட்டைச் சேர்மனின் தோளில் இருந்த தூசியைத் தட்டினார். பெட்டிக்குச் சுற்றிய சிவப்பு ரிப்பனைச் சரிசெய்தார். ரிப்பன் சரியாக அந்தச் சிவப்பு எழுத்துகளின் மேல் உட்கார்ந்தது.

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னார்.

"மாப்ளே," என்று சேர்மன் தோளில் கைபோட்டார். "நீங்க தொழில் தெரிஞ்சவரு. நான் ஒத்துக்கறேன். ஆனா மேடைன்னு ஒண்ணு இருக்கில்ல? வெறும் பெட்டியைத் திறந்து வைக்கறதுக்கா அவ்வளவு பெரிய மனுஷன் வர்றாரு?"

"பட்டனை அமுக்கட்டும் மச்சான். முன்னாடி டிகிரி காட்டற நம்பர் பேட்டரில எரியும். நான் பின்னாடி பிளக்கை மட்டும் உருவி வெச்சுக்கறேன். யாருக்கும் தெரியாது. பன்னெண்டு மணிக்கு நானே போடறேன்."

சேர்மன் யோசித்தார். அவர் யோசிப்பதும் ஒரு நிகழ்ச்சிதான். தாடையைத் தடவி, கூரையைப் பார்த்து, கடைசியில் ஒரு பெருமூச்சு.

"சரி. உங்களுக்காக."

மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. எட்டு வருஷத்தில் மச்சான் 'சரி' என்று சொன்னது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் என்ன ஆயிற்று என்று அவர் அந்த நேரத்தில் யோசித்திருக்கலாம்.

*

பத்தரைக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் பத்து நாற்பத்தைந்துக்கு வந்தார். எத்தனையோ கடைகளைத் திறந்து வைத்துச் சலித்த கை. கத்தரிக்கோலை அவர் வாங்கிய விதத்திலேயே அது தெரிந்தது.

மைக் மெக்கானிக்கின் மனைவி கையில். அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும். எழுதிக் கொடுத்ததைத் திக்காமல் படிப்பாள். "உறைபனியின் உச்சம், உயிர்காக்கும் நட்பு" என்று திரைக்கு அந்தப் பக்கம் அவள் படிப்பது, அனலுக்குள் பிளக்கைக் கையில் பிடித்தபடி குத்துக்காலிட்டிருந்த மெக்கானிக்குக்குக் கேட்டது. மின்பலகை திரையின் அடி ஓரத்தில், தரையில் இருந்தது.

கைதட்டல். பட்டன் அமுங்கும் சத்தம். மறுபடி கைதட்டல்.

எல்லாம் சரியாகத்தான் போயிற்று. சிறப்பு விருந்தினருக்கு இயந்திரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதுதான் கம்பெனியின் நம்பிக்கை. ஆனால் அவர் வீட்டிலும் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

"சத்தமே வரலையே?" என்றார் அவர்.

"அதுதான் சார் நம்ம டெக்னாலஜி," என்றார் சேர்மன்.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"ஓடினா லேசா அதிருமே. எங்க வீட்டுல இருக்கறது அதிரும். இது அதிரலையே." அவர் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இங்க பாருங்க சார்," என்றார் சேர்மன்.

அப்புறம் திரையின் அடியிலிருந்து ஒரு கை வந்தது.

மூன்று மோதிரம் போட்ட கை. சட்டைக் கையின் தங்கப் பொத்தானோடு, தரையைத் தடவித் தடவி, மின்பலகையைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருக்க வேண்டிய பிளக்கைத் தேடியது. சேர்மனின் உடம்பு அந்தப் பக்கம் சிறப்பு விருந்தினரிடம் எதையோ குனிந்து காட்டுவது போலப் பேசிக்கொண்டிருந்தது. கை மட்டும் இந்தப் பக்கம் வேலை பார்த்தது.

மெக்கானிக் பிளக்கை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொண்டார். கை ஒரு சாண் முன்னால் வந்தது.

இன்னும் ஒரு சாண். கை முழங்கைவரை வந்துவிட்டது.

பல்லி வாயைப் பொத்திக்கொண்டு, 'கொடுக்காதே' என்று தலையை ஆட்டினார்.

கை தேடுவதை நிறுத்தியது. மல்லாந்தது. விரல்களை மடக்கி மடக்கி, 'கொடு' என்றது. நேற்றுவரை வீட்டுச் சாவியையும் வண்டிச் சாவியையும் கேட்ட அதே விரல்கள்.

"இதோ," என்று மைக்கில் மெக்கானிக் மனைவியின் குரல், கொஞ்சம் நடுங்கி, எழுதிக் கொடுக்காததைச் சொன்னது: "இன்னும் சில நொடிகளில் நமது பெட்டி இயங்க இருக்கிறது."

இழுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். வயரைக் கடித்துத் துண்டாக்கியிருக்கலாம். திரையை விலக்கிக்கொண்டு பனியனோடு முன்னால் போய், 'ஐயா, இது படுத்து வந்த பெட்டி' என்று கத்தியிருக்கலாம். இவையெல்லாம் மெக்கானிக்குக்குப் பிறகு தோன்றியவை. அப்போது தோன்றியது ஒன்றே ஒன்று: மனைவியின் குரல் இன்னும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

பிளக்கை அந்தக் கையில் வைத்தார்.

ம்ம்ம்ம்… டக்.

கம்ப்ரஸர் முக்கிப் பார்த்து அணைந்தது. "ஆங், அதிருது!" என்றார் சிறப்பு விருந்தினர். கைதட்டல்.

ம்ம்ம்ம்… டக்.

மூன்றாவது டக்கில் மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். அதற்குள் சிறப்பு விருந்தினர் அடுத்த ஸ்டாலில் அடுத்த ரிப்பனை வெட்டிக்கொண்டிருந்தார்.

*

பதினொன்றரைக்குத்தான் சேர்மன் பெட்டியின் நெற்றியில் இருந்த எண்ணைக் கவனித்தார். முப்பத்தொன்று.

"என்ன மாப்ளே, வெளில இருக்கறதை விட உள்ள சூடா இருக்கு?"

"இனிமே இன்னிக்கு ஓடாது மச்சான். மறுபடி முயற்சி பண்ணினா கம்ப்ரஸரே போயிடும். அந்த மேடம் வந்தா நானே சொல்லிக்கறேன். ஏத்தறப்ப தப்பு நடந்து போச்சு, ஒரு நாள் டைம் குடுங்கன்னு கேக்கறேன். புரிஞ்சுக்குவாங்க."

"எந்தத் தப்பு?" என்றார் சேர்மன். உண்மையிலேயே தெரியாதவர் போலக் கேட்டார். உண்மையிலேயே தெரியாமலும் இருக்கலாம். தன் தப்புகளை அவர் அறிமுகம் செய்துகொண்டதே இல்லை.

அரை மணியில் பழரசக் கடையிலிருந்து நாலு அட்டைப்பெட்டி வந்தது. மேலே 'விளம்பரத் தாள்கள்' என்று எழுதியிருந்தது. கீழே தண்ணீர் சொட்டியது. உள்ளே பை பையாக ஐஸ் கட்டிகள்.

"மச்சான், இது ஏமாத்து."

"ஏமாத்தா? உங்க பெட்டி முதுகுல என்ன இருக்கணும்? ஐஸ். இது என்ன? ஐஸ். அதுவா உறைஞ்சா என்ன, ஜூஸ் கடைக்காரன் உறைய வெச்சா என்ன? தண்ணிக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே."

"நீங்க நம்ம ஆளுதானே?"

மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இதை மட்டும் செய்ய மாட்டேன் என்று தீர்மானம். பக்கத்தில் அட்டைச் சேர்மனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சேர்மனே திருப்புளியை எடுத்தார். பெட்டியின் முதுகுத் தகட்டைக் கழற்றப் பார்த்தார். பேச்சு பல்லக்கு, தம்பி பொடிநடை என்பார்கள். வாயால் ஆயிரம் பெட்டி செய்தவர் கையால் ஒரு திருகாணியைத் தொட்டதில்லை. திருப்புளி நழுவித் தகட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். திருகாணியின் தலை சிதைய ஆரம்பித்தது.

மெக்கானிக் பார்த்தார். மூன்று மாதம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தகடு.

"தள்ளுங்க மச்சான்," என்றார்.

திருப்புளியை வாங்கினார். நாலு திருகாணியையும் கீறல் இல்லாமல் கழற்றினார். தண்ணீரை வடித்தார். ஐஸ் பைகளை இடைவெளி விடாமல் அடுக்கினார். செய்கிறதை ஒழுங்காகச் செய்கிற வியாதி அவருக்கு.

மூன்று மணிக்குப் பெட்டியின் நெற்றியில் நான்கு என்று எரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சேர்மன் பெருமையாக. "உங்க மெஷினை விட வேகம்."

*

ஐந்து மணிக்குக் கிடங்கு மேடம் வந்தார். வெள்ளைச் சட்டை, காலில் சத்தமில்லாத செருப்பு, தோளில் ஒரு பை. அட்டைச் சேர்மனை ஒரு தடவை, நிஜச் சேர்மனை ஒரு தடவை பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு மரியாதை.

"வாங்க மேடம்! சில்லுனு ஏதாவது…"

"வேண்டாம்."

பெட்டியைத் திறந்தார். தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை உள்ளே நடுத்தட்டில் வைத்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும் கருவி. மூடினார். பையிலிருந்து நீலப் பட்டை ஒன்றை எடுத்துக் கதவின் குறுக்கே ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டார். இனி கிழிக்காமல் திறக்க முடியாது.

அதோடு போயிருக்கலாம். பெட்டியைச் சுற்றிப் பின்னால் வந்தார். முதுகுத் தகட்டை, கதவு தட்டுவது போல, மடக்கிய விரலால் தட்டினார்.

உள்ளே சலசலவென்று சரிந்தது.

ஒரே பாளமாக உறைந்த பனி சரியாது. பைக்குள் போட்ட கட்டிகள்தான் சரியும். அந்தக் கூடத்தில் இது தெரிந்தவர்கள் பலர் இருக்கலாம். அந்த நிமிஷத்தில் அங்கே நின்றவர்களில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதைச் செஞ்சது நீங்கதானே?" என்று கேட்டார் மேடம்.

"எங்க குழுமத்தோட…" என்று சேர்மன் ஆரம்பித்தார்.

"நான் அவரைக் கேட்டேன்." மெக்கானிக்கிடம் திரும்பினார். "உள்ள இருக்கற ஐஸ், இந்த மெஷின் உறைய வெச்சதுதானா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். 'இல்லை' என்று சொல்ல அரை நொடி போதும். அந்த அரை நொடிக்குள்—

"ஆமா மேடம்," என்றாள் அவர் மனைவி. "காலைல பத்தே முக்கால்லேர்ந்து ஓடிட்டிருக்கு. நான்தான் மைக்ல அறிவிச்சேன்."

நல்ல குரல். திக்காமல் சொன்னாள்.

மெக்கானிக்கின் வாய் திறந்தபடியே இருந்தது. இப்போது 'இல்லை' என்றால், பொய்யாவது பெட்டி மட்டும் இல்லை, பெண்டாட்டியும்தான். ஊரார் முன்னால், அவள் அண்ணன் முன்னால். வாயை மூடிக்கொண்டார்.

மேடம் தலையை அசைத்தார். சேர்மன் நீட்டிய கையில் எதையும் வைக்காமல், தன் கார்டை மெக்கானிக்கின் கையில் கொடுத்தார்.

"நாற்பது ஆஸ்பத்திரில குழந்தைகளுக்குப் போடற மருந்து இது," என்றார், வேறு யாருக்கும் கேட்காத குரலில். "ராத்திரி எட்டு மணி வரைக்கும் போன் எடுப்பேன்."

*

பின்பக்கச் சந்தில் இரண்டு பேரும் நின்றார்கள். பல்லி, மரியாதை தெரிந்தவர், பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"ஷெட்டுங்க," என்றாள். "தனி வாசல். எட்டு வருஷமா மாடிப்படி ஏறி எறங்கி… அண்ணா நேத்து மறுபடியும் சொன்னார். 'ஆர்டர் வந்தா சாவி உன் கைல'ன்னு. நீங்க வாயைத் திறந்தப்ப என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதான் முந்திக்கிட்டேன்."

"நேத்து சாயந்திரம் ஏத்தறப்ப நீ அங்கதானே இருந்தே? நிக்க வெச்சு ஏத்தச் சொல்லுன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தானே வயர் இழுக்க இங்க வந்தேன்?"

அவள் திரையின் ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"சொன்னேன். 'அவர் நிக்க வெக்கச் சொன்னார்'னு சொன்னேன். அண்ணா, 'உம் புருஷன் என்ன, பெட்டிக்கு டாக்டரா'ன்னு கேட்டார். எல்லாரும் சிரிச்சாங்க." விரலில் சுற்றியதை அவிழ்த்தாள். "நானும் சிரிச்சுட்டேன்."

மெக்கானிக்குக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கும் கொஞ்சம் குளிர்ந்த இடம் வேண்டும்போல.

மணி ஆறு நாற்பது ஆயிற்று. காலை ஏழிலிருந்து பெட்டி நின்றிருக்கிறது. கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம். படுத்த அளவுக்கு நின்றாகிவிட்டது.

பட்டை ஒட்டியது கதவில்தான். பிளக் வெளியில்தான் கிடந்தது.

மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிளக்கைச் செருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ம்ம்ம்ம்…

டக் வரவில்லை.

ம்ம்ம்ம்ம்ம்… என்று தொடர்ந்தது. மெல்லிய, ஒரே சீரான ரீங்காரம். குழாயைத் தொட்டார். மணிக்கட்டுவரை குளிர் ஏறியது. இரண்டு நிமிஷத்தில் செப்புக் குழாயில் முத்து முத்தாக வியர்த்தது. வியர்க்க வேண்டிய இடத்தில், வியர்க்க வேண்டிய அளவுக்கு.

பல்லி எழுந்து வந்து கம்ப்ரஸர் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"தங்கம் மாதிரி ஓடுதுய்யா," என்றார். "ஒண்ணும் ஆகல இதுக்கு. சும்மா நிக்க விட்டிருந்தா போதும்."

"ஓடுதுங்க!" என்று மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஓடுது! அப்ப நான் சொன்னது பொய்யில்லதானே? ஓடுதுல்ல?"

அவள் முகத்தைப் பார்த்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால், அவர் முதல் தடவையாக ஒரு பழைய ஃப்ரிட்ஜை உயிர்ப்பித்தபோது இப்படித்தான் சிரித்தாள். ஏழு மணி நேரம் வேண்டும், இருப்பது பதினைந்து நிமிஷம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நாளைக் காலை பெட்டி ஜெயித்தால், ஜெயித்தது பழரசக் கடை. தோற்றால், தோற்றது அவருடைய மூன்று வருஷம். இரண்டில் எது வந்தாலும், இதோ கைக்குக் கீழே இவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருக்கிற இதைப் பற்றி அந்தக் கருவி ஒரு வார்த்தை எழுதப் போவதில்லை.

கூடத்தின் ஒலிபெருக்கி, வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னது. சிறந்த கண்டுபிடிப்புக்கான கேடயத்தைச் சிறப்பு விருந்தினர் கையால் பெறுபவர், அகில உலகக் குளிர்க் குழுமத்தின் சேர்மன் என்றது. கைதட்டல் கேட்டது.

ஏழு மணிக்கு மெயின் அணைந்தது.

முதலில் விளக்குகள். அப்புறம் ஒவ்வொரு வரிசையாக இயந்திரங்கள் மூச்சை விட்டன. பெட்டியின் ரீங்காரமும் ஒரு பெருமூச்சோடு அடங்கியது. மெக்கானிக் கையை எடுக்கவில்லை. குழாய் கொஞ்ச நேரம் ஜில்லென்று இருந்தது. அப்புறம் ஜில்லென்று இல்லை.

இருட்டில் மனைவியின் செல்போன் வெளிச்சம் எரிந்தது. அவள் அவர் பேண்ட் பையில் கையை விட்டு அந்தக் கார்டை எடுத்தாள். எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினாள். அவளுக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது? அவர் முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது போல.

"மைக்ல படிச்சவ நான்," என்றாள். "பொய் சொன்னவளும் நான். ஆனா மெஷினைப் பத்தி எனக்குப் பேசத் தெரியாதே."

போனை அவர் காதில் வைத்தாள். கையை எடுக்காமல் அவளே பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மணி அடித்தது.

திரைக்கு அப்பால் கோட்டுச் சரசரப்பு. இன்னொரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பின்னால் அட்டைச் சேர்மனின் நிழல் கூரைவரை எழுந்தது. முன்னால், கேடயத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிஜச் சேர்மன். கேடயத்தைப் பெட்டியின் தலையில் நிற்க வைத்தார். அது நேராக நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார்.

"கேடயமே வந்தாச்சு, ஆர்டரும் வந்த மாதிரிதான். ஷெட்டு சாவி கேட்டியே, இந்தா," என்று தங்கையிடம் ஒரு சாவியை நீட்டினார். அப்புறம்தான் போனைக் கவனித்தார். "இந்த நேரத்துல யாருக்கு மாப்ளே போனு?"

மனைவியின் ஒரு கை சாவிக்கு நீளவும் இல்லை, நீளாமலும் இல்லை. இன்னொரு கை போனை மெக்கானிக்கின் காதோடு அழுத்திப் பிடித்தது.

"சொல்லுங்க," என்றது போனுக்குள் அந்த அம்மாளின் குரல். "உங்க போனுக்குத்தான் காத்திருக்கேன்."